'ரன்னிங்'னா ஓடுதுன்னு அர்த்தமா?



செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னிக்குக் கடைசி நாள்னு வச்சுக்குங்க. காலேஜ் ஆபீஸ்ல நாலு கவுன்டர். நாலுலயும் ஆள் நிக்கறாங்க. ஆனா, அரை மணி நேரமா க்யூ ஒரு இன்ச் கூட நகரலை. உங்க மனசுல முதல்ல என்ன தோணும்?

'ரொம்ப நேரமா முன்னாடி நிக்கறானே... அவனைப் பிடிச்சு வெளியே தள்ளு!'

கரெக்ட்தானே? எனக்கும் ஒரு ராத்திரி அப்படித்தான் தோணுச்சு. தோணினதோட விடாம, தள்ளியும் விட்டேன். காலேஜ்ல இல்லீங்க... ஒரு சர்வருக்குள்ளே! அதனால என்ன ஆச்சு, அந்த நேரத்துல நான் எதைப் பார்த்திருக்கணும்... இந்த வாரம் அதுதான் மேட்டர்.

படிப்பு முடிச்சு வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் அது. கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பேர் வேண்டாமே! அங்கே நான் எஸ்ஏபி பேசிஸ் அட்மின். வீட்ல கேட்டா, 'கம்ப்யூட்டர்ல ஏதோ பார்க்கிறான்'னு சொல்லுவாங்க. உண்மையில அதுதான் வேலை. பார்க்கிறது!

எஸ்ஏபி பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1972-ல ஜெர்மனியில, ஐபிஎம் வேலையை விட்டு வந்த ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. கணக்கு, ஸ்டாக், சம்பளம், விற்பனைன்னு ஒரு நிறுவனத்தோட எல்லா வேலையையும் ஒரே சாஃப்ட்வேர்ல கொண்டு வர்றது அவங்க ஐடியா. 1992-ல வந்த 'ஆர்/3' வெர்ஷன்தான் அவங்களை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு. அதுல மூணு அடுக்கு. நீங்க பார்க்கிற ஸ்க்ரீன் ஒரு அடுக்கு. கடைசியில டேட்டாபேஸ். நடுவுல நின்னு உண்மையான வேலையெல்லாம் செய்யறது அப்ளிகேஷன் சர்வர். நம்ம கதை நடக்கிறது இந்த நடு அடுக்குலதான்.

கவுன்டர் கணக்கு

அப்ளிகேஷன் சர்வரை ஒரு பெரிய ஹால்னு நினைச்சுக்குங்க. உள்ளே வரிசையா கவுன்டர்கள். ஒவ்வொரு கவுன்டருக்கும் பேர் 'ஒர்க் பிராசஸ்'. வாசல்ல ஒருத்தர் நின்னு, 'நீங்க மூணாவது கவுன்டர் போங்க, நீங்க ஏழாவது போங்க'ன்னு அனுப்பிட்டே இருப்பார். அவர் பேர் 'டிஸ்பேச்சர்'.

கவுன்டர்ல பல வகை உண்டு. ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்து க்ளிக் பண்றவங்களுக்கு 'டயலாக்'. யாரும் பக்கத்துல இல்லாம தானா ஓடற பெரிய வேலைகளுக்கு 'பேக்ரவுண்ட்'. சேவ் பண்ணினதை டேட்டாபேஸ்ல எழுதி வைக்க 'அப்டேட்'. பிரிண்டுக்கு 'ஸ்பூல்'. ஒரே ரெக்கார்டை ரெண்டு பேர் ஒரே நேரத்துல திருத்தாம பூட்டுப் போட 'என்க்யூ'. பழைய எஸ்ஏபி சர்வர்கள்ல முக்கியமான ஃபோல்டரோட பேரே 'டிவிஇபிஎம்ஜிஎஸ்'னு வாயில நுழையாத மாதிரி இருக்கும். ஒண்ணுமில்லை... டயலாக்ல ஆரம்பிச்சு ஸ்பூல்ல முடியற இந்தச் சேவைகளோட முதல் எழுத்துகள்தான். நடுவுல வர்ற 'வி' மட்டும் அப்டேட்டைக் குறிக்கிற ஜெர்மன் சொல்லோட எழுத்து. இன்டர்வியூல கேட்டா டக்குனு சொல்லலாம்!

இதுல ஒரு அழகான தந்திரம் இருக்கு. எங்க கம்பெனியில இருநூறு பேர் எஸ்ஏபி பயன்படுத்தினாங்க. டயலாக் கவுன்டர் எத்தனை தெரியுமா? வெறும் இருபது! எப்படிச் சமாளிக்குது? நீங்க ஒரு பட்டனை அழுத்தினதும் ஒரு கவுன்டர் உங்க வேலையைச் செய்யும், பதிலை ஸ்க்ரீனுக்கு அனுப்பும், உடனே உங்க ஃபைலை ஓரமா எடுத்து வச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடும். அடுத்து என்ன டைப் பண்ணலாம்னு நீங்க தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல எந்தக் கவுன்டரும் உங்களுக்காகச் சும்மா நிக்காது. மறுபடி நீங்க என்டர் தட்டும்போது எந்தக் கவுன்டர் காலியோ, அது உங்க ஃபைலை எடுத்துத் தொடரும். ஒவ்வொரு வேலையும் ஒண்ணு ரெண்டு விநாடியில முடியற வரைக்கும் இந்தக் கணக்கு ஜோரா ஓடும்.

முடியலைன்னா? அங்கேதான் வம்பு!

அந்த ஒரு திரை

இந்தக் கவுன்டர்களை எல்லாம் ஒரே இடத்துல பார்க்க ஒரு ஸ்க்ரீன் உண்டு. 'எஸ்எம்50'னு டைப் பண்ணினா வந்துடும். ஒரு கவுன்டருக்கு ஒரு வரி. என்ன வகை, என்ன நிலைமை, எத்தனை விநாடியா ஓடுது, எந்த புரோகிராம், யாரோட வேலை, இப்போ என்ன செய்யுது, எந்த டேபிள்ல கை வச்சிருக்குன்னு அந்த வரியிலேயே இருக்கும். நிறைய சர்வர் இருந்தா, எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்க 'எஸ்எம்66'. 2015-ல எஸ்/4ஹானா வந்த பிறகும் இந்த ஒர்க் பிராசஸும் எஸ்எம்50-ம் அப்படியேதான் இருக்கு. அதனால இது பழைய பஞ்சாங்கம்னு நினைச்சுடாதீங்க.

இந்த ஸ்க்ரீனைப் புதுசா பார்க்கிறவங்க எல்லாருமே ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. நிலைமைங்கிற இடத்துல 'வெயிட்டிங்'னு போட்டிருந்தா, 'ஐயோ, பாவம்... ஏதோ மாட்டிக்கிட்டு நிக்குது'ன்னு தோணும். தப்பு! வெயிட்டிங்னா கவுன்டர் காலி, அடுத்த ஆளுக்காகக் காத்திருக்குன்னு அர்த்தம். நல்ல செய்தி! 'ரன்னிங்'னு போட்டிருந்தா, 'சூப்பர், வேலை நடக்குது'ன்னு தோணும். அதையும் நம்பிடக் கூடாது. வேலை நடக்கலாம். இல்லைன்னா டேட்டாபேஸ்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு, பதில் வராம சிலை மாதிரி நின்னுக்கிட்டும் இருக்கலாம். ரெண்டுக்கும் ஸ்க்ரீன்ல ஒரே பேர்தான்... ரன்னிங்!

இந்த ஒரு வித்தியாசம் தெரியாமத்தான் அன்னிக்கு ராத்திரி நான் மாட்டினேன்.

மார்ச் 31, ராத்திரி 9.40

கணக்கு வருஷத்தோட கடைசி நாள். அன்னிக்கு அனுப்ப வேண்டிய சரக்கெல்லாம் ராத்திரிக்குள்ள கேட்டைத் தாண்டணும். இன்வாய்ஸ் இல்லாம லாரி வெளியே போக முடியாது. கேட்டுக்கு வெளியே வரிசையா லாரி. அதுல ஒண்ணு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர். காலையில குறிப்பிட்ட நேரத்துக்குள்ள போய்ச் சேரலைன்னா, அந்தக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க.

செக்யூரிட்டி அண்ணன்தான் போன் பண்ணினார். "தம்பி, என்னங்க இது... டிஸ்பேட்ச்ல ஒரு பில்லும் வரலைங்களாமா. டிரைவருங்க எல்லாம் என்ற கிட்ட வந்து சத்தம் போடறாங்க!"

எஸ்எம்50-ஐத் திறந்தேன். திறக்கவே இல்லை! ஏன்னா, அந்த ஸ்க்ரீனைக் காட்டவும் ஒரு டயலாக் கவுன்டர் வேணுமே! இருபதும் ஃபுல். நல்லவேளை, இதுக்குன்னே 'டிபிமான்'னு ஒரு கருவி உண்டு. எஸ்ஏபிக்குள்ள லாகின் பண்ணாம, சர்வர் மெஷின்லேயே நேரா ஓட்டலாம். கறுப்பு ஸ்க்ரீன்ல அதே பட்டியலைக் காட்டும்.

பார்த்தா... இருபது டயலாக் கவுன்டரும் ரன்னிங். கீழே பேக்ரவுண்ட் கவுன்டர்ல ஒண்ணு, கிட்டத்தட்ட 2,400 விநாடியா ரன்னிங். எனக்கு வேற எதுவுமே கண்ல படலை. அந்த நேரக் கணக்கு மட்டும்தான்!

முதல்ல டயலாக் கவுன்டர்ல நிக்கறதை ஒவ்வொண்ணா கில் பண்ணினேன். காலியான அடுத்த நொடியே மறுபடி நிரம்பிடுச்சு. டிஸ்பேட்ச்ல உட்கார்ந்திருந்தது மொத்தமே ஆறு பேர். ஸ்க்ரீன் உறைஞ்சதும் விண்டோவை மூடிட்டு, மறுபடி லாகின் பண்ணி, மறுபடி அதே பட்டனை அழுத்தியிருக்காங்க. நம்ம ஸ்க்ரீனை மூடிட்டா, சர்வர்ல ஓடற வேலை நின்னுடும்னு நினைக்கிறோம். நிக்காது! பழைய வேலை அதோட கவுன்டர்லேயே நிக்கும், புது வேலை இன்னொரு கவுன்டரைப் பிடிக்கும். இப்படியே ஆறு பேர் சேர்ந்து, இருநூறு பேரோட இருபது கவுன்டரையும் அடைச்சுட்டாங்க.

எனக்கு வேர்த்துடுச்சு. 'எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பெரிசுதான்'னு முடிவு பண்ணி, 9.48-க்கு பேக்ரவுண்ட் ஜாபையும் கில் பண்ணினேன்.

ரிலீஃப்? அதுதான் இல்லை! அது செய்து வச்ச நாற்பது நிமிஷ வேலையை டேட்டாபேஸ் ஒவ்வொண்ணா பின்னாடி அழிக்க ஆரம்பிச்சது. ரோல்பேக்! அது முடியற வரைக்கும் பூட்டும் திறக்கலை. அதுவே இருபத்தஞ்சு நிமிஷம். முடிஞ்சதும் நான் செய்த காரியம் இருக்கே... 'ஐயோ, இன்வாய்ஸ் எல்லாம் போச்சே'ன்னு அதே ஜாபை முதல்ல இருந்து மறுபடி ஓட விட்டேன். மறுபடியும் அதே பூட்டு!

லாரி எல்லாம் கிளம்ப ராத்திரி பதினொண்ணு தாண்டிடுச்சு. கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது.

வரியைக் குறுக்கே படி!

எங்க சீனியர் பத்தரைக்கு வந்தார். திட்டுவார்னு பார்த்தேன். திட்டலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கில் பண்றதுக்கு முன்னாடி எதைப் பார்த்தே?"

"டைம் சார்..."

"டைம் மட்டுமா?"

பக்கத்துல உட்கார வச்சு அந்தப் பட்டியலைக் காட்டினார். நான் மேல இருந்து கீழே ஒரே ஒரு நெடுவரிசையைப் பார்த்திருந்தேன். அவர் ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படிச்சார். இருபது டயலாக் வரியிலயும் கடைசியில ஒரே டேபிள் பேர்... 'என்ஆர்ஐவி'.

எஸ்ஏபியில அடுத்த எண் என்னன்னு குறிச்சு வைக்கிற டேபிள் அது. இன்வாய்ஸ் எண் நடுவுல விட்டுப் போகக் கூடாதுங்கறதுக்காக, எங்க கம்பெனியில ஒவ்வொரு எண்ணையும் நேரா அந்த டேபிள்லேர்ந்தே எடுக்கிற மாதிரி வச்சிருந்தாங்க. ஒருத்தர் எண் எடுத்தா, அவர் வேலை முடிஞ்சு 'கமிட்' ஆகற வரைக்கும் அந்த வரி பூட்டியிருக்கும். ஒரு இன்வாய்ஸ்னா கண் சிமிட்டற நேரம். ஆனா, எங்க ஆட்களே எழுதின அந்த பேக்ரவுண்ட் புரோகிராம், ஆயிரக்கணக்கான இன்வாய்ஸையும் போட்டு முடிச்சுட்டுக் கடைசியில ஒரே ஒரு கமிட் போடும். வழக்கமா நள்ளிரவுல, டிஸ்பேட்ச்ல ஆளே இல்லாதப்போ ஓடும். அன்னிக்கு வருஷக் கடைசியாச்சேன்னு யாரோ 9.05-க்கே ஓட விட்டுட்டாங்க.

அதாவது, இருபது பேரும் ஓடலை. ஒருத்தருக்காகக் காத்திருந்தாங்க. அந்த ஒருத்தர் மாட்டிக்கலை. ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்தார்!

யார் பூட்டைப் பிடிச்சிருக்காங்க, யார் அதுக்காக நிக்கறாங்கன்னு காட்ட 'டிபி01'னு தனி ஸ்க்ரீனே இருக்கு. நான் திறந்து பார்க்கலை. அதே ஜாப் போன தடவை எவ்வளவு நேரம் எடுத்ததுன்னு 'எஸ்எம்37'ல இருக்கு. அதையும் பார்க்கலை. சீனியர் பார்த்தார். போன மாசக் கடைசியில 51 நிமிஷம். ஆக, அன்னிக்கு 9.56-க்குத் தானா முடிஞ்சிருக்கும்.

நான் கில் பண்ணினது 9.48-க்கு. எட்டே எட்டு நிமிஷம்!

"டிஸ்பேட்சுக்கு ஒரு போன் போட்டு, 'எட்டு நிமிஷம் யாரும் எதையும் அழுத்தாதீங்க'ன்னு சொல்லியிருந்தா போதும்டா"ன்னார். அவர் குரல்ல கோபமே இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

அடுத்த தடவை...

அன்னிக்கு அப்புறம் நான் ஒரு வரிசை வச்சிருக்கேன். சர்வர் எதுவா இருந்தாலும் இந்த வரிசை மாறாது. இன்டர்வியூல 'சிஸ்டம் ஸ்லோன்னு யூசர் போன் பண்றார், முதல்ல என்ன செய்வீங்க?'ன்னு கேட்டா, 'ரீஸ்டார்ட் பண்ணுவேன்'னு சொல்லிடாதீங்க. இதைச் சொல்லுங்க.

முதல்ல, எத்தனை கவுன்டர் காலி? வெயிட்டிங்ல நிறைய இருந்தா, பிரச்னை இந்த ஹால்லயே இல்லை. நெட்வொர்க்கையோ, அந்த ஒரு ஆளோட கம்ப்யூட்டரையோ பாருங்க.

ரெண்டாவது, ரன்னிங் வரிகள்ல பொதுவா என்ன இருக்கு? எல்லாரும் வேற வேற டேபிள்ல இருந்தா, நிஜமாவே வேலை அதிகம். எல்லாரும் ஒரே டேபிள்ல நின்னா, யாரோ பூட்டு வச்சிருக்காங்களான்னு பாருங்க. எல்லாம் ஒரே யூசர்னா, அவருக்கு ஒரு போன் போடுங்க!

மூணாவது, சில வரிகள்ல நிலைமை 'ஸ்டாப்டு'ன்னோ 'ஆன் ஹோல்டு'ன்னோ இருக்கும். பக்கத்துலேயே காரணமும் இருக்கும். 'ஆர்எஃப்சி'ன்னா வேற ஒரு சிஸ்டத்தோட பதிலுக்குக் காத்திருக்கு. 'டீபக்'னா, யாரோ டெவலப்பர் புரோகிராமை நடுவுல நிறுத்தி வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டார்! 'பிரிவ்'னா, அந்த வேலை அளவுக்கு மீறி மெமரி கேட்டு, கவுன்டரையே தனக்குன்னு சொந்தமாக்கிக்கிச்சு. வேற யாரும் அதைப் பயன்படுத்த முடியாது.

நாலாவது, இது புதுசா, வழக்கமா? பழைய ஓட்டத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. தினமும் 51 நிமிஷம் ஓடறது இன்னிக்கு 43 நிமிஷத்துல நிக்குதுன்னா, அது கோளாறு இல்லை.

இதெல்லாம் பார்த்த பிறகும் கில் பண்ணித்தான் ஆகணும்னா, தாராளமா பண்ணுங்க. சில நேரம் அதுதான் சரி. ஆனா, அது பாதியில விட்டுட்டுப் போற வேலை என்ன ஆகும், திருப்பி அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்ங்கிற ரெண்டு கேள்விக்கும் பதில் தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுங்க.

எங்க கம்பெனியில என்ன மாறிச்சுன்னு கேட்கறீங்களா? அந்த புரோகிராம்ல நூறு இன்வாய்ஸுக்கு ஒரு கமிட் போட வச்சோம். நள்ளிரவுக்கு முன்னாடி யாரும் ஓட்ட முடியாதபடி மாத்தினோம். அடுத்த மார்ச் 31-ல செக்யூரிட்டி அண்ணன் எனக்குப் போன் பண்ணவே இல்லை.

லேப்ல ஒரு விளையாட்டு

'எஸ்ஏபிக்கு நான் எங்கே போவேன்?'னு கேட்காதீங்க. உங்க லேப்ல மைஎஸ்க்யூஎல் இருக்கும். சின்னதா ஒரு டேபிள் போட்டு, மூணு விண்டோ திறங்க. முதல் விண்டோல ஒரு டிரான்சாக்ஷனை ஆரம்பிச்சு, ஒரு வரியை அப்டேட் பண்ணுங்க. கமிட் மட்டும் பண்ணாதீங்க. ரெண்டாவது விண்டோல அதே வரியை அப்டேட் பண்ணுங்க. அப்படியே நின்னுடும். வழக்கமான செட்டிங்ல 50 விநாடி வரைக்கும் நிக்கும், அப்புறம் எரர் காட்டும்.

அந்த 50 விநாடிக்குள்ள மூணாவது விண்டோல 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கொடுங்க. நல்லா கவனிங்க. பாவம், காத்துக்கிட்டு நிக்கிற ரெண்டாவது ஆள் என்னமோ மும்முரமா அப்டேட் பண்ணிக்கிட்டு இருக்கிற மாதிரி காட்டும். பூட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிற முதல் ஆள்? 'ஸ்லீப்'! ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி தூங்கிக்கிட்டு இருப்பார்!

இதை ஒரே ஒரு தடவை உங்க கண்ணால பார்த்துட்டீங்கன்னா, அப்புறம் எந்த சர்வர்ல 'ரன்னிங்'னு பார்த்தாலும் உங்க கை கில் பட்டன் பக்கம் போறதுக்கு முன்னாடி, மனசு 'யாருக்காகக் காத்திருக்கே?'ன்னு கேட்டுடும். எனக்கு அந்தக் கேள்வியைக் கத்துக்க ஒரு கப்பல் போச்சு. உங்களுக்கு 50 விநாடி போதும்.

செஞ்சு பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போமா? பை!